மிடியில் ஒலி போகாது: கிட்டார் ப்ராசஸரை இயக்கக் கற்றுக்கொள்வோருக்கு

ஒரு பாட்டை மனதில் வைத்துக்கொள்வோம். சரணம் முழுக்க கிட்டார் சுத்தமான ஒலியில், ஒலியைத் தடித்து அசைக்கும் மெல்லிய கோரஸ் எஃபெக்டோடு போகிறது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் அந்த ஒரு தட்டில் கோரஸ் நிற்க வேண்டும், கரகரப்பு தரும் டிஸ்டார்ஷன் ஏற வேண்டும், பின்னால் எதிரொலியாகக் கொஞ்சம் டிலே சேர வேண்டும். தனித்தனிப் பெடல்கள் வைத்திருப்பவர் மூன்று பெடல்களை மிதித்தாக வேண்டும். நிற்பதற்கு ஒரு கால் போனால் மிதிப்பதற்கு இருப்பது ஒரு கால்தான். மூன்றில் ஒன்று பிந்திவிடும். அதைச் சரிபார்க்கக் குனிந்தால் கையில் கார்டு (chord) தடுமாறும்.

இந்தப் பெடல்களின் வேலையை எல்லாம் ஒரே பெட்டியில் செய்வது கிட்டார் ப்ராசஸர். அதை வாங்கும்போது பலரும் உள்ளே ஆம்ப் எத்தனை, எஃபெக்ட் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த மூன்று மிதிகளை ஒரே மிதியாக்கும் வசதி. அந்த வசதியை வெளியிலிருந்து இயக்கும் வழிதான் மிடி. பெட்டியின் பின்பக்கம் ஐந்து துளைகளோடு வட்டமாக இருக்கும் சாக்கெட்டை வருடக்கணக்கில் தொடாமலே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதைத் தொட வைப்பதுதான் என் நோக்கம். ஆனால் உள்ளே ஒலி எப்படி உருவாகிறது என்று தெரியாமல் மிடிக்குப் போனால், எதை இயக்குகிறோம் என்றே புரியாது. அதனால் முதலில் ஒலியைப் பார்த்துவிடுவோம்.

பெட்டிக்குள் நடப்பது

தந்தி அதிரும்போது அதன் கீழே இருக்கும் பிக்அப்பில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. கேபிள் வழியே ப்ராசஸருக்குள் போனதும் அது எண்களாக மாறுகிறது. பல ப்ராசஸர்கள் நொடிக்கு 48,000 முறை அந்த மின்னழுத்தத்தை அளக்கின்றன. அதற்கப்புறம் உள்ளே நடப்பதெல்லாம் கணக்குதான். கணக்கு முடிந்ததும் எண்கள் மறுபடி மின்னலையாகி வெளியே வருகின்றன.

மாடலிங் என்பது அந்தக் கணக்கில் ஒரு பகுதி. டியூப் ஆம்பில் மெல்ல வாசித்தால் ஒலி சுத்தமாக இருக்கும். அழுத்தி வாசித்தால் அலையின் உச்சி மழுங்கிக் கரகரப்பு ஏறும். அந்த மழுங்கல் ஒவ்வொரு ஆம்பிலும் ஒவ்வொரு விதம். பேஸ் குமிழைத் திருப்பினால் மிட் கொஞ்சம் நகர்கிற ஆம்ப்கள் உண்டு. பலமாக அடிக்கும்போது மின்வழங்கி ஒரு கணம் தளர்ந்து, ஒலி அமுங்கி எழுகிற ஆம்ப்களும் உண்டு. இந்த நடத்தைகளை எல்லாம் கணக்காக எழுதி, ஆம்ப் இல்லாமலே ஆம்பைப் போல ஒலிக்க வைப்பதுதான் மாடலிங். ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 1995இல் வந்தது. சிறுநீரக வடிவத்தில் சிவப்பாக இருந்த லைன் 6 பாட் 1998இல் வந்து, வீட்டில் ரெக்கார்டிங் செய்பவர்களிடம் இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2006இல் ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2015இல் லைன் 6 ஹீலிக்ஸ் என்று அது வளர்ந்தது. கெம்பர் என்ற கருவி கொஞ்சம் வேறு வழியில் போனது. உண்மையான ஆம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு, அந்த ஆம்பின் குணத்தைப் படம்பிடித்துக்கொள்ளும். இப்போது நியூரல் நெட்வொர்க் கொண்டு அதே வேலையைச் செய்யும் கருவிகளும் இருக்கின்றன.

புதிதாக வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது ஆம்ப் மாடலில் இல்லை, ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட்டில். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் எல்லா அலைவரிசையையும் பாடாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகக் குறைந்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கூர்மையான ஓசைகளை அந்த ஸ்பீக்கர்தான் வடிகட்டுகிறது. ப்ராசஸரில் அந்த ஸ்பீக்கரின் வேலையைச் செய்யும் கேபினெட் பிளாக்கை அணைத்துவிட்டு நேரே ஹெட்ஃபோனிலோ மிக்ஸரிலோ கேட்டுப் பாருங்கள். டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம் காதைக் குத்தும். பிளாக்கைப் போட்டதும் அதே ஒலி கிட்டாராக மாறிவிடும். அந்த ஒரு நிமிடச் சோதனை சொல்லித்தருவதை நான் வேறெங்கும் அவ்வளவு சீக்கிரம் கற்றதில்லை. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ப்ராசஸரை உண்மையான கிட்டார் ஆம்பில் சொருகும்போது கேபினெட் பிளாக்கை அணைக்க மறந்தால், ஒலி இரண்டு முறை வடிகட்டப்பட்டுப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகும்.

கேபினெட் இடத்தில் ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) என்ற சொல் வரும். காலி அறையில் ஒரு முறை கைதட்டினால், திரும்பி வரும் ஓசையை வைத்தே அது பெரிய அறையா சின்ன அறையா என்று சொல்லிவிடலாம் இல்லையா? அதுபோல ஒரு கேபினெட்டும் மைக்கும் சேர்ந்து ஒரு நொடிப்பொழுது ஓசைக்கு எப்படிப் பதில் சொல்கின்றன என்பதன் பதிவுதான் ஐஆர். நல்ல ஐஆர் ஒன்றைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இவ்வளவு கணக்குக்கும் நேரம் பிடிக்குமே என்ற கவலை வேண்டாம். நல்ல ப்ராசஸர்களில் தாமதம் சில மில்லிநொடிகள்தான். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. 3 மில்லிநொடித் தாமதம் என்றால் ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம்.

ஆம்ப், கேபினெட், டிலே, அறை முழக்கம் தரும் ரிவெர்ப் எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து, ஒவ்வொரு குமிழின் நிலையையும் சேர்த்து ஒரு எண்ணில் சேமிப்பதுதான் ப்ரீசெட். சிலர் பேட்ச் என்பார்கள். முதல் ப்ரீசெட்டை அமைக்கும்போது மேடையில் ஒலிக்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்து அமையுங்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகத்தான் கேட்கும். அதை ஈடுகட்ட இரவில் மெல்லிய சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி வைத்தால், மேடையில் அடியொலி குமுறும், உச்சம் கீறும்.

சரி, மிடி என்றால் என்ன?

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்ட் ஜூபிடர்-6 கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலித்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேசியது அன்று பெரிய விஷயம். அந்த மொழி பிறக்கக் காரணமான சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷிக்கும் 2013இல் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். கீபோர்டுக்காக வந்த அந்த மொழிதான் இன்று கிட்டார் ப்ராசஸரையும் இயக்குகிறது.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மிடி கேபிளில் ஒலி போகாது. லிஃப்ட் பொத்தானை நினைத்துப் பாருங்கள். பொத்தானா உங்களைத் தூக்குகிறது? ஐந்தாவது மாடி என்ற செய்தியை மட்டும் அது அனுப்புகிறது, தூக்குவது மோட்டார். மிடியும் அப்படித்தான். ஐந்தாவது ப்ரீசெட்டுக்குப் போ, டிலேயை அணை, வால்யூமைப் பாதியாக்கு என்று செய்தி மட்டும் போகும். ஒலியை உருவாக்குவது ப்ராசஸர். மிடி கேபிளைச் சொருகினேன், சத்தம் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு எல்லாம் இதுதான் பதில். கிட்டார் கேபிள் தனியே வேண்டும், ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளும் தனியே வேண்டும்.

அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று ஒரு முறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். கீழே வைத்திருக்கும் மிடி ஃபுட் கன்ட்ரோலரில் ஒரு பட்டனை மிதிக்கிறீர்கள். கேபிளில் போவது இரண்டே எண்கள்: 192, அப்புறம் 5. முதல் எண்ணான 192க்கு, முதல் சேனலில் இருப்பவரே, ப்ரீசெட்டை மாற்றும் என்று அர்த்தம். இரண்டாவது சேனலுக்கு என்றால் அது 193. அடுத்து வரும் 5 எந்த ப்ரீசெட் என்று சொல்கிறது. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் இந்த இரண்டு எண்களும் போய்ச்சேர ஒரு மில்லிநொடிகூட ஆகாது.

சேனல்கள் மொத்தம் 16. ஒரே கேபிளில் பல கருவிகள் தொடராக இருந்தாலும், ஒவ்வொன்றும் தன் சேனல் எண்ணில் வரும் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே சேனலில் இருந்தால்தான் பேச்சு நடக்கும். எதுவுமே அசையவில்லை என்றால் முதலில் சேனலைத்தான் பார்க்க வேண்டும். சில கருவிகளில் ஆம்னி என்று ஒரு நிலை இருக்கும். அதில் வைத்தால் எல்லாச் சேனலுக்கும் காது கொடுக்கும். ஒரே ஒரு கருவி வைத்திருப்பவருக்கு அது வசதி. இரண்டாவது கருவி வந்ததும் அதை விட்டுவிடுவது நல்லது.

மிடியில் எங்கே பார்த்தாலும் 0 முதல் 127 வரை என்று இருக்கும். ஒரு பைட்டில் 8 பிட். அதில் முதல் பிட், வருவது கட்டளையா வெறும் எண்ணா என்று காட்டுவதற்குப் போய்விடுகிறது. மீதி 7 பிட்டில் 128 எண்களைத்தான் எழுத முடியும். 128க்கு மேல் ப்ரீசெட் உள்ள கருவிகளில் எந்த பேங்க் என்று முன்னால் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அப்புறம் ப்ரீசெட் எண்ணை அனுப்ப வேண்டும்.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பது சாதாரண விஷயமாகத் தோன்றும். மேடையில் அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நிகழ்ச்சியில் எங்கள் கீபோர்டு கலைஞரின் லேப்டாப் ஒவ்வொரு பாட்டுக்கும் என் ப்ராசஸரின் ப்ரீசெட்டை மாற்றும்படி அமைத்திருந்தோம். அன்று காலை அவர் வேறு மென்பொருளுக்கு மாறியிருந்தார். பழையது ப்ரீசெட்டை 1இலிருந்து எண்ணும், புதியது 0இலிருந்து. மெல்லிய ஆர்பெஜியோவோடு தொடங்க வேண்டிய முதல் பாட்டு, அடுத்த பாட்டின் லீட் டோனோடு அலறித் தொடங்கியது. மூன்று பாட்டு முடியும்வரை ஒவ்வொரு முறையும் கையால் ஒரு படி கீழே இறக்கி இறக்கி வாசித்தேன். அதிலிருந்து, எந்தக் கருவியை இணைத்தாலும் முதல் வேலையாக ஒரு ப்ரீசெட் எண்ணை அனுப்பி, திரையில் எது வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுகிறேன். உங்கள் கருவியில் 1 என்று தெரிவது மிடியில் 0 ஆக இருக்கலாம். பார்க்காமல் நம்பாதீர்கள்.

ப்ரீசெட் மாற்றமும் குமிழ் மாற்றமும்

மேலே பார்த்த செய்திக்கு ப்ரோக்ராம் சேஞ்ச் என்று பெயர். இன்னொன்று கன்ட்ரோல் சேஞ்ச், சுருக்கமாக சிசி. ப்ரோக்ராம் சேஞ்ச் மொத்த அமைப்பையே மாற்றுகிறது. சிசி அந்த அமைப்புக்குள் ஒரு குமிழையோ ஒரு சுவிட்சையோ மட்டும் அசைக்கிறது. சிசி செய்தியில் எந்தக் குமிழ் என்று ஓர் எண்ணும், எவ்வளவு என்று ஓர் எண்ணும் இருக்கும். 7ஆம் எண் வால்யூமுக்கு, 11ஆம் எண் எக்ஸ்பிரஷனுக்கு என்று பொதுவான வழக்கம் உண்டு. மற்ற பல எண்களை நீங்களே எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எக்ஸ்பிரஷன் பெடலைக் குதிகாலிலிருந்து நுனிக்கு மெதுவாக அழுத்தினால் 0, 1, 2 என்று 127 வரை எண்கள் பொழியும். அதை வா (wah) எஃபெக்டுக்குக் கொடுத்தால் வா திறந்து மூடும், டிலே அளவுக்குக் கொடுத்தால் எதிரொலி மெல்ல நிறையும்.

எஃபெக்டைப் போட, அணைக்கவும் சிசிதான். பொதுவாக 0 முதல் 63 வரை வந்தால் அணை, 64 முதல் 127 வரை வந்தால் போடு. இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. உங்கள் ஃபுட் கன்ட்ரோலர் பட்டன் மிதித்தால் 127 அனுப்பி, காலை எடுத்ததும் 0 அனுப்பும் நிலையில் இருந்தால், கால் பட்டனில் இருக்கும்வரைதான் எஃபெக்ட் இருக்கும். ஒரு மிதிக்குப் போடு, அடுத்த மிதிக்கு அணை என்று வேண்டுமென்றால் டாகிள் நிலைக்கு மாற்ற வேண்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்த எத்தனையோ பேருக்கு இதை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது, சுத்தமான ஒலிக்கு ஒரு ப்ரீசெட், டிஸ்டார்ஷனுக்கு ஒரு ப்ரீசெட் என்று பிரித்து, பாட்டின் நடுவே தாவுவது. பல ப்ராசஸர்களில் அப்படித் தாவும்போது ஒரு சின்ன வெட்டு விழும். உள்ளே பழைய கணக்கை இறக்கிவிட்டுப் புதிய கணக்கை ஏற்ற வேண்டியிருக்கிறது; ஒலித்துக்கொண்டிருந்த டிலேயின் வாலும் அதில் அறுந்துபோகும். இதற்காகவே ஒரே ப்ரீசெட்டுக்குள் பல நிலைகளைச் சேமிக்கும் வசதி வந்தது. ஹீலிக்ஸில் அதை ஸ்னாப்ஷாட் என்கிறார்கள், ஃப்ராக்டலில் சீன் என்கிறார்கள். ஏற்றி இறக்குவது எதுவும் இல்லை. எது எரிகிறது, எது அணைகிறது, எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்பது மட்டும் மாறும். என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்யும் முறை: பாட்டுக்கு ஒரு ப்ரீசெட், பாட்டின் பகுதிக்கு ஒரு ஸ்னாப்ஷாட். பாட்டு மாறும்போது ப்ரோக்ராம் சேஞ்ச், பாட்டுக்குள் சிசி. இதைப் பிடித்துக்கொண்டால் மேடையில் குழப்பம் வெகுவாகக் குறையும்.

நேரத்தைச் சொல்லும் செய்தி ஒன்றும் மிடியில் இருக்கிறது. ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். மிடி க்ளாக் என்பது அதுதான். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லிநொடி. டிலேயைப் புள்ளி வைத்த எட்டாம் நோட்டில் வைத்திருந்தால் அது 375 மில்லிநொடிக்குத் தானாகப் போய் உட்காரும். ட்ரம்மர் க்ளிக் (மெட்ரோனோம் ஒலி) கேட்டு வாசிக்கும் குழுவில், அதே கணினியிலிருந்து க்ளாக் வந்தால், எதிரொலி தாளத்தைவிட்டு விலகவே விலகாது. க்ளிக் இல்லாமல் வாசிக்கும் குழுவுக்கு இது பெரிதாக உதவாது. காலால் டேப் டெம்போ தட்டுவதே மேல்.

கேபிள் விஷயம்

அவுட் என்று எழுதியிருப்பதிலிருந்து இன் என்று எழுதியிருப்பதற்குப் போக வேண்டும். கன்ட்ரோலரின் அவுட், ப்ராசஸரின் இன். த்ரூ என்று மூன்றாவது ஒன்று இருந்தால், இன்னில் வந்ததை அப்படியே அடுத்த கருவிக்குக் கடத்திவிடும். சின்னப் பெட்டிகளில் ஐந்து துளைச் சாக்கெட்டுக்குப் பதில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கும். அதில் ஏ, பி என்று இரண்டு விதமான வயரிங் புழக்கத்தில் உண்டு. 2018இல் ஏ வகையைத் தரமாக அறிவித்தார்கள், ஆனால் பி வகைக் கருவிகள் இன்னும் இருக்கின்றன. அடாப்டர் வாங்குமுன் எது என்று கையேட்டில் பாருங்கள். யுஎஸ்பி வழியாகவும் மிடி போகும், ஆனால் அது பெரும்பாலும் கணினியோடு பேசுவதற்கு. யுஎஸ்பி உள்ள ஃபுட் கன்ட்ரோலரையும் யுஎஸ்பி உள்ள ப்ராசஸரையும் நேரடியாக இணைத்தால் பெரும்பாலும் பேசாது. நடுவில் இணைப்பை நடத்தும் ஹோஸ்ட் வேலை செய்ய ஒரு கணினியோ அதற்கான பெட்டியோ வேண்டும். சாதாரண கிட்டாரில் வாசிக்கும் சுரம் மிடி செய்தியாக ஆவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பொதுவாக ஆறு தந்தியையும் தனித்தனியே கேட்கும் பிக்அப் வேண்டும். அது வேறொரு உலகம்.

இனி முதலில் சொன்ன பாட்டுக்கு வருவோம். ப்ராசஸர் ஹீலிக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ப்ரீசெட்டில் கோரஸ், டிஸ்டார்ஷன், ஆம்ப், கேபினெட், டிலே, ரிவெர்ப் எல்லாம் இருக்கட்டும். ஸ்னாப்ஷாட் 1இல் கோரஸ் மட்டும் எரியட்டும். ஸ்னாப்ஷாட் 2இல் கோரஸை அணைத்து, டிஸ்டார்ஷனையும் டிலேயையும் போட்டு, ஆம்ப் வால்யூமை ஒரு பொட்டு குறைத்துச் சேமியுங்கள். டிஸ்டார்ஷன் ஏறும்போது சத்தமும் ஏறும் என்பதால் இது அவசியம். ஸ்னாப்ஷாட் மாற்ற ஹீலிக்ஸ் எதிர்பார்ப்பது சிசி 69. மதிப்பு 0 என்றால் முதல் ஸ்னாப்ஷாட், 1 என்றால் இரண்டாவது; இங்கேயும் எண்ணிக்கை பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. கன்ட்ரோலரின் முதல் பட்டனுக்கு 69, 0 என்றும் இரண்டாவது பட்டனுக்கு 69, 1 என்றும் கொடுத்து, இரண்டையும் சேனல் 1இல் வையுங்கள்.

இப்போது வாசியுங்கள். சரணத்தின் கடைசி கார்டில் கை இருக்கும்போது இரண்டாவது பட்டனில் கால். ஒரு மிதி. கோரஸ் போனது, டிஸ்டார்ஷன் வந்தது, டிலே பின்னால் விரிகிறது, கண் கழுத்துப்பலகையை விட்டு நகரவில்லை. பல்லவி முடிந்து முதல் பட்டனுக்குத் திரும்புங்கள். முந்தைய டிலேயின் வால் அறுபடாமல் சுத்தமான ஒலிக்குள் கரைய வேண்டுமானால், டிலே பிளாக்கில் ட்ரெயில்ஸ் என்ற அமைப்பைப் போட்டுவையுங்கள். மூன்றாவது பட்டனை டியூனருக்கு விடுங்கள். அதற்கு சிசி 68. பாட்டு முடிந்ததும் அதை மிதித்தால் திரையில் டியூனர் வரும். தந்தியைச் சரிபார்த்துவிட்டு இன்னொரு முறை மிதித்தால் அடுத்த பாட்டுக்குத் தயார்.